கொல்லையில் வாழும் சமுதாயங்கள்

திருக்குர்ஆனின் 114 ஸூராக்களில் ஆறு ஸூராக்கள் பிராணிகளின் பெயரால் அழைக்கப்படுகின்றன: பகரா, அன்ஆம், நஹ்ல், நம்ல், அன்கபூத், ஃபீல். யானையின் பெயருள்ள ஸூராவுக்கு ஆயத்துகள் 5 மட்டுமே. தேனீயின் பெயருள்ளதற்கு 128, எறும்பினுடையதற்கு 93, சிலந்தியினுடையதற்கு 69. எண்ணிக்கையை வைத்து நாமாக ஒரு தத்துவம் கட்டிவிடக் கூடாது என்பது உஸ்தாதுமார்கள் எங்களுக்குக் கற்றுக் கொடுத்த அதபு. ஆயினும் இந்த மூன்று சிற்றுயிர்களும் நம் வீட்டுக் கொல்லையிலேயே வாழ்கின்றன. அவற்றின் பெயரை நித்தமும் ஓதுகிற நாம், அவற்றை ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறோமா?

இந்தக் கேள்வி என் மனத்தில் எழக் காரணமாயிருந்தவன் மக்தபில் ஓதும் ஒரு சிறுவன். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் அஸ்ருக்குப் பின் ஓத வந்தவன், "ஹஜ்ரத், இன்னிக்கு ஒரு ஓணான் அடிச்சேன். மூணாவது கல்லுலதான் செத்துச்சு. எனக்கு எத்தனை நன்மை?" என்று கேட்டான். பக்கத்திலிருந்த பிள்ளைகளும் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணானைப் பிடித்து, அதன் வாயில் மூக்குப்பொடி தூவி, அது சுழன்று ஆடுவதைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அது இப்ராஹீம் நபி (அலை) அவர்களைப் போட்ட நெருப்பை ஊதிய பிராணி, அதைக் கொல்வது நன்மை என்று பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார். கழுத்து சிவந்திருந்தால் அது நம் இரத்தத்தைத் தூர இருந்தே உறிஞ்சிவிட்டது என்றும் நம்பினோம். பின்னாளில் கிதாபு ஓதப் போன பிறகுதான் அந்த ஹதீஸை அதன் சொற்களோடு படித்தேன்.

அந்த ஹதீஸ் ஸஹீஹானதுதான். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆனால் அதில் வரும் சொல் 'வஸக்' என்பது. வஸக் என்றால் சுவரில் ஊரும் பல்லி இனம். அதில் பெரிய வகையை 'ஸாம்மு அப்ரஸ்' என்பார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் மொழி வல்லுநர்களைக் கொண்டு விளக்கியிருக்கிறார்கள். ஓணானுக்கு நெருங்கிய உறவான பச்சோந்திக்கு அரபியில் 'ஹிர்பா' என்று வேறு பெயரே உண்டு. உருதுத் தர்ஜுமாக்கள் சிலவற்றில் வஸக் என்பதைப் பச்சோந்தியைக் குறிக்கும் 'கிர்கிட்' என்ற சொல்லால் பெயர்த்திருக்கிறார்கள். ஒரு சொல் மொழி மாறும்போது வேலியோரத்து ஓணானின் தலையில் கல் விழுகிறது!

சரி, பல்லியைப் பற்றிய ஏவல்தான் என்ன? அதைத் தீங்கு தரும் பிராணிகளின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். முதல் அடியில் கொல்பவருக்கு அதிக நன்மை, இரண்டாவது அடியில் அதனினும் குறைவு, மூன்றாவதில் இன்னும் குறைவு என்றும் அறிவிப்பு இருக்கிறது. ஏன் இப்படி? கொல்வதிலும் வதைக்காமல் கொல்லும் அழகு வேண்டும் என்பது ஒரு காரணம் என இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் கூறுகிறார்கள். அடி கூடக்கூட நன்மை குறைகிறதென்றால், சுருக்குப் போட்டு ஒரு மணி நேரம் வதைப்பவன் எந்தக் கணக்கில் வருவான்? உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்துக் குறி பார்ப்பவனை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் குறைஷிக் குலத்து இளைஞர்களிடம் கண்டித்துச் சொன்ன செய்தியும் முஸ்லிமில் இருக்கிறது.

இதையெல்லாம் அந்தச் சிறுவனுக்குச் சொன்னேன். தலையாட்டினான். ஆனால் வாயால் சொன்னது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. "நாளை ஸுப்ஹுக்குப் பின் எங்கள் கொல்லைக்கு வா, ஓணானைப் பார்க்கலாம், கல் வேண்டாம்" என்றேன். அவன் இன்னும் நான்கு பேரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

எங்கள் கொல்லை திருமலைராயன்பட்டினத்திலிருந்து பட்டினச்சேரிக் கடற்கரைக்குப் போகும் பக்கத்தில் இருக்கிறது. மணற்பாங்கான பூமி. 2004 டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலையில் உப்பு நீர் ஏறிய பகுதி. இன்று ஒரு மாமரம், நான்கு தென்னை, முருங்கை, ராத்தா நட்டுவைத்த மருதாணி, வேலியில் கொடுக்காப்புளி, இவ்வளவுதான். பெரிய தோட்டமொன்றும் இல்லை. பார்ப்பதற்கு இது தாராளமாகப் போதும் என்பதைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் எனக்கே காட்டிவிட்டார்கள்.

கழுத்து சிவந்த ஓணான் முருங்கையின் மேல் தலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அசையாமல் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் இன்னொரு ஆண் ஓணான் வேலியில் தெரிந்ததும் இதன் கழுத்து இன்னும் சிவந்தது. அது ஓடிப்போனதும் சிவப்பு மெல்ல வடிந்தது. அது யாருடைய இரத்தமும் இல்லை. இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணான் போட்டியாளனுக்கும் பெண்ணுக்கும் காட்டும் நிறம். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பெண் ஓணான் ஒன்று தென்னையடியில் மண்ணைப் பறித்து முட்டையிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடி, தலையால் இடித்து இறுக்குவதைப் பிள்ளைகள் கண்டார்கள். அன்று யாரும் பேசவில்லை. கல்லடித்த பையன் மட்டும், "ஹஜ்ரத், நான் அடிச்சது பொம்பளையா இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டான்.

அதற்குப் பிறகு வாரம் இருமுறை அரைமணி நேரம் எங்கள் பாடம் கொல்லையில்தான்.

மாமரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டியிருந்தன. இலைகளை மடித்துப் பந்துபோல் சேர்த்திருக்கும் அந்தக் கூட்டைப் பார்க்காதவர் நம் பக்கத்தில் இருக்க முடியாது. கடிபடாதவரும் இருக்க முடியாது. அந்த இலைகளை ஒட்டவைப்பது எது? ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் ஓரங்களைக் கடித்து இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இடைவெளி பெரிதாயிருந்தால் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்விச் சங்கிலியாக நிற்கின்றன. வேறு சில எறும்புகள் கூட்டிலிருந்து தங்கள் இளம்புழுக்களை வாயில் தூக்கி வந்து, இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாறி மாறித் தொடுகின்றன. புழுவின் வாயிலிருந்து பட்டிழை வருகிறது. வளர்ந்த எறும்புக்கு அந்த இழை கிடையாது. நெசவாளியின் கையில் நாடா ஓடுவது போலக் குழந்தையைக் கொண்டு வீடு தைக்கிறது அந்தச் சமுதாயம்! சமுதாயம் என்ற சொல்லை நானாகப் போடவில்லை. பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற உம்மத்துகளே என்ற கருத்தை ஸூரத்துல் அன்ஆமின் 38-வது ஆயத்தில் காண்கிறோம்.

அதே மரத்தில் ஒரு சிறுமி ஒரு முசுறைக் காட்டி, "இது மட்டும் வரிசையில சேராம தனியாப் போகுது, தாவுது" என்றாள். எறும்பு தாவாதே! உற்றுப் பார்த்துக் காலை எண்ணச் சொன்னேன். எட்டு. அது முசுறைப் போலவே நிறமும் உருவமும் கொண்ட தாவும் சிலந்தி. முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி எறும்பின் உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கிறது. முசுறுக்குப் பயந்து குருவியும் குளவியும் ஒதுங்குவதால், அந்த வேஷத்தில் இதற்குப் பாதுகாப்பு. அந்த மாமரத்தை முப்பது வருஷமாக நான் பார்த்து வருகிறேன். இதை ஒரு நாளும் கண்டதில்லை.

மருதாணிச் செடியில் பெரிய வலை ஒன்று. நடுவில், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் வைத்து அமர்ந்திருந்தது சிலந்தி. கால்களின் நீட்சியாக வலையிலும் வெள்ளை நிறத்தில் வளைந்து வளைந்து ஒரு கோலம். உடல் பெரிதாயிருப்பது பெண்; ஓரத்தில் எள்ளளவாகத் தொங்குவது ஆண். வீடுகளில் எல்லாம் மிகப் பலவீனமானது சிலந்தியின் வீடு என்று ஸூரத்துல் அன்கபூத்தில் வருகிறதே, அதன் இழையோ அதே எடையுள்ள எஃகைவிட உறுதியானது என்கிறார்களே என்று ஒரு வாலிபர் என்னிடம் கேட்டார். ஆயத்து பலவீனமென்று கூறுவது வீட்டை. வெயிலையோ குளிரையோ மழையையோ தடுக்காத வீடு என்றுதான் முஃபஸ்ஸிர்களும் பொருள் சொன்னார்கள். இதில் முரண் எங்கே?

ஒன்றை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆயத்தில் சிலந்திக்குப் பெண்பால் வினை வந்திருப்பதை வைத்து, வலை கட்டுவது பெண்தான் என்னும் விஞ்ஞானத்தை அன்றே அறிவித்துவிட்டது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். அன்கபூத் என்ற சொல்லை அரபிகள் பெரும்பாலும் பெண்பாலாகவே வழங்கினார்கள். வலை கட்டும் ஆண் சிலந்திகளும் உண்டு. குர்ஆனுக்கு நம்முடைய இந்த முட்டுக்கொடுத்தல் தேவையில்லை. தௌர் குகை வாயிலில் சிலந்தி வலை பின்னிய செய்தி குர்ஆனில் இல்லை. முஸ்னது அஹ்மதில் இருக்கிறது. அதன் ஸனதைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது. வீட்டில் ஒட்டடை இருந்தால் வறுமை வரும் என்பதும் பலமான அறிவிப்பு அல்ல. ஒட்டடை அடிப்பது சுத்தத்திற்காக. அது போதுமான காரணம்.

கேள்விப்பட்டதைக் கண்ணால் பார்த்ததும் உடைந்துபோன இன்னொரு நம்பிக்கை குளவியைப் பற்றியது. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துக் கொட்டிக்கொட்டியே அதைக் குளவியாக்கிவிடும் என்று நம் நாட்டில் வழங்குகிறது. நம் பயான்களிலும் உவமையாகச் சொல்கிறோம். ரபீஉல் அவ்வலுக்காக மத்ரஸாவுக்கு வெள்ளையடித்தபோது ஜன்னல் சட்டத்திலிருந்த மண்கூடு ஒன்று உடைந்து விழுந்தது. உள்ளே பத்துக்குக் குறையாத சிறு சிலந்திகள்; சாகவில்லை, ஆனால் அசையவும் இல்லை. அவற்றின் நடுவே காலில்லாத வெண்புழு ஒன்று ஒரு சிலந்தியைத் தின்றுகொண்டிருந்தது. தாய்க் குளவி சிலந்திகளைக் கொட்டி மரக்கச் செய்து, கெடாத உணவாக அடைத்து, ஒரு முட்டையிட்டு, வாயிலை மண்ணால் பூசிவிட்டுப் போயிருக்கிறது. புழு குளவியின் பிள்ளைதான். வேறொன்று மாறி ஆனதல்ல. இந்த மண்குளவி இனங்களில் ஒன்றுக்கு ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் 1781-ல் சூட்டிய பெயரில் மதராஸ்பட்டினத்தின் பெயரே இருக்கிறது.

டென்மார்க்கிலிருந்தவருக்கு இந்தப் பூச்சிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? காரைக்காலுக்கு வடக்கே, டென்மார்க்காரர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடி வழியாக. அங்கே 1768-ல் மருத்துவராக வந்த கோனிக் என்பவர் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து அனுப்பினார். ஆற்காடு நவாபின் ஊழியத்திலும் சில காலம் இருந்தார். தஞ்சைச் சீமையில் கறையான் புற்றுகளைத் தோண்டி, ராஜாவும் ராணியும் இருக்கும் அறைவரை பார்த்து அவர் எழுதிய கட்டுரை 1779-ல் வெளியாயிற்று. ஸுலைமான் நபி (அலை) அவர்களின் கைத்தடியை அரித்து, அவர்கள் வஃபாத்தானதை ஜின்களுக்கு வெளிப்படுத்தியது கறையான் என்று ஸூரத்து ஸபஃவில் ஓதிவருகிற நாம் புற்றைக் கண்டால் மண்ணெண்ணெய் தேடுகிறோம். தோண்டிப் பார்த்தவர் வேறொரு தேசத்துக்காரர்.

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் இல்லாமலும் இல்லை. ஹிஜ்ரி 255-ல் மறைந்த பஸராவின் ஜாஹிழ், கிதாபுல் ஹயவானில் எறும்பையும் ஈயையும் தாமே பார்த்து எழுதியிருக்கிறார். ஹிஜ்ரி 808-ல் மறைந்த எகிப்தின் தமீரீ (ரஹ்) நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஆலிம். அவர்களுடைய ஹயாத்துல் ஹயவானில் ஒவ்வொரு பிராணிக்கும் பெயர், குணம், ஹதீஸ், ஹலால் ஹராம், கனவில் கண்டால் பலன் என்று எல்லாம் இருக்கும். நம்மில் பலர் கனவுப் பலனுக்கு மட்டுமே அந்தக் கிதாபைத் திறப்பது வருத்தத்திற்குரியது.

இனி ஸூரத்துன் நம்லின் 18-வது ஆயத்துக்கு வருவோம். ஸுலைமான் நபி (அலை) அவர்களின் படை எறும்புகளின் ஓடைக்கு வந்தபோது ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரித்தது: வீடுகளுக்குள் போய்விடுங்கள், ஸுலைமானும் அவர் படையும் உங்களை மிதித்து நசுக்கிவிடக் கூடாது என்று. அத்துடன் ஒரு சொல்லைச் சேர்த்தது: "வஹும் லா யஷ்உரூன்". அவர்கள் அறியாத நிலையில், என்பது அதன் கருத்து. அறிந்துகொண்டே அவர்கள் மிதிக்கமாட்டார்கள் என்று ஒரு படையைப் பற்றி ஓர் எறும்பு நல்லெண்ணம் கொண்டது! நபியவர்கள் புன்னகைத்துத் தம் இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள்.

மாமரத்தடியில் நின்று இந்த ஆயத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டியபோது எனக்கே உடல் சிலிர்த்தது. அறியாமல் மிதிப்பவனுக்கு அந்த எறும்பு ஒரு தங்கடம் வைத்திருக்கிறது. முட்டையைப் புதைப்பதையும் குழந்தையைக் கொண்டு வீடு தைப்பதையும் கண்ணால் கண்டுவிட்டவனுக்கு அந்தத் தங்கடம் இல்லையே!

அப்படியானால் எறும்பையே கொல்லக்கூடாதா, சர்க்கரை டப்பாவை என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கையும் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. இத்தடை தொல்லை தராத, நீண்ட கால்களையுடைய பெரிய எறும்புக்கே உரியது, கடித்துத் தொல்லை தரும் சிற்றெறும்பைக் கொல்லலாம் என்று கத்தாபி (ரஹ்), பகவி (ரஹ்) போன்ற இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே அடுக்களையில் மொய்க்கும் எறும்பை அப்புறப்படுத்துவது தவறல்ல. முதலில் டப்பாவை நீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். வரும் வழியைத் துடைத்து மஞ்சள்தூளோ உப்போ தூவுங்கள். பெரும்பாலும் அதற்குமேல் தேவைப்படாது.

நெருப்பு மட்டும் கூடாது. தம்மைக் கடித்த ஓர் எறும்புக்காக ஒரு நபி எறும்புக் கூட்டையே எரிக்கச் செய்தபோது, ஒன்று கடித்ததற்காகத் தஸ்பீஹ் செய்யும் ஓர் உம்மத்தையே எரித்துவிட்டீரே என்று அல்லாஹு தஆலா கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. எறும்புப் புற்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதும், தண்ணீர்த் தொட்டியடியில் கட்டிய தேன்கூட்டுக்குப் பந்தம் காட்டுவதும் நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டன. மலையிலும் மரத்திலும் மனிதர் கட்டுபவற்றிலும் வீடு அமைத்துக்கொள் என்று தேனீக்கு அறிவித்தவன் அல்லாஹ். அந்தப் பெரிய தேனீக்கள் நிரந்தரமாகத் தங்குபவையும் அல்ல. சில மாதங்களில் தாமே இடம் பெயர்ந்துவிடும். அதுவரை இரவில் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்து வையுங்கள்; வெளிச்சத்தைத் தேடித்தான் அவை வீட்டுக்குள் வருகின்றன. பிள்ளைகள் நடமாடும் இடமாயிருந்து பொறுக்க முடியாதென்றால் தேன் எடுக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

தண்ணீர்க் குடத்தில் எறும்போ ஈயோ வண்டோ விழுந்து செத்தால், நம் மத்ஹபில் அந்தத் தண்ணீர் நஜீஸாகாது. வெட்டினால் இரத்தம் ஓடாத உயிர்கள் அவை. தாமாக விழுந்திருக்கவேண்டும், நீரின் தன்மை மாறியிருக்கக் கூடாது. எடுத்துப் போட்டுவிட்டு ஒளு செய்யலாம். ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தேடுவது பேணுதல் அல்ல, வஸ்வாஸ். கொசுவை அடித்தபோது சட்டையில் படும் சிறிதளவு இரத்தமும் மன்னிக்கப்பட்டதே.

பிள்ளைகள் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்துக் கொடுக்காப்புளி இலை போட்டு வைக்கிறார்களே, அது கூடுமா என்று ஒரு தாயார் கேட்டனுப்பினார். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்திருந்தார். அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அதைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். வைத்திருந்ததைத் தடுக்கவில்லை. பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல் தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் முடிவையும் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லி, மாலையில் பெட்டியைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் தட்டான்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. பட்டினச்சேரிக் கடற்கரையில் பொழுது சாயும் நேரத்தில் தலைக்கு மேல் மஞ்சள் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், கடலுக்குள் வெகுதூரத்திலும் இவை படகைக் கடந்து போவதைக் கண்டிருப்பதாகச் சொன்னார். உண்மைதான். இதே மாதங்களில் மாலத்தீவுகளில் இலட்சக்கணக்கில் இந்தத் தட்டான்கள் வந்திறங்குகின்றன. அங்கே முட்டையிட்டுப் பெருகும் அளவுக்கு நன்னீர் நிலைகள் இல்லை. எனவே எங்கிருந்தோதான் வரவேண்டும். அங்கு வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியல் அறிஞர் பல ஆண்டுகள் குறிப்பெடுத்து, இவை இந்தியாவிலிருந்து கிளம்பிக் காற்றோடு கடலைக் கடந்து ஆப்பிரிக்கா நோக்கிப் போகின்றன என்று 2009-ல் எழுதினார். போய்த் திரும்பும் சுற்று 14,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அதை ஒரு தட்டானே முடிப்பதில்லை, தலைமுறைகள் மாறி மாறி முடிக்கின்றன. உடலோ இரண்டு அங்குலம்கூட இல்லை.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது சற்றுத் தள்ளிச் சில சிறுவர்கள் தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கல்லடிப் பையன் எழுந்து அவர்களிடம் போனான். என்ன பேசினானோ, முதல் தட்டானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டான். அது வாலில் துண்டு நூலோடு கடல் பக்கம் பறந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவன், இரண்டாவதை வாங்கி மணலில் உட்கார்ந்து, முடிச்சை நகத்தால் மெல்லப் பிரிக்கத் தொடங்கினான். மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.